ஆக்சலாட்டல் குட்டி மிதந்துகொண்டே இருக்கிறதா? செட்டிநாட்டு வெயிலுக்கு ஏற்ற கைப்பக்குவம்

குட்டி தண்ணீரின் மேல்மட்டத்தில் தக்கை மாதிரி மிதக்கிறது என்றதும் தொட்டிக்குள் கையை விடாதீர்கள். ஒரு நாற்காலியைப் போட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அதனால் தானாகக் கீழே இறங்க முடிகிறதா?

ஆக்சலாட்டல் மீன் இல்லை. கடைகளில் 'நடக்கும் மீன்' என்று சொல்லி விற்றாலும் அது சாலமாண்டர் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வி வகை, தவளைக்கு உறவு. தலைக்குப் பின்னால் இறகு மாதிரி விரிந்திருக்கும் செவுள்களாலும் மூச்சு விடும், தோலாலும் விடும், உள்ளே நுரையீரலும் உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்குவது அதன் வழக்கம். 5 முதல் 8 செ.மீ. நீளமுள்ள குட்டிகள் காற்றை விழுங்கிய பிறகு நாலு காலையும் விரித்துக்கொண்டு நடுத்தண்ணீரில் அசையாமல் தொங்கும். அது நோய் இல்லை.

சந்தேகம் வந்தால் கண்ணாடியைத் தட்டாதீர்கள். இடுக்கியில் ஒரு துண்டு மண்புழுவைப் பிடித்துத் தொட்டியின் அடியில் ஆட்டிக் காட்டுங்கள். இறங்க முடிந்த குட்டி மூக்கைக் கீழே திருப்பி நேராக வந்துவிடும். இறங்க முடியாதது வாலைப் படபடவென்று அடித்து இரண்டு விரற்கடை இறங்கும். அடிப்பதை நிறுத்தியதும் பின்பக்கம் முதலில் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். அப்படிப் பின்பக்கம் தூக்கினால் பெரும்பாலும் குடலில் வாயு அல்லது வெளியேறாத மலம். முன்பக்கம் மட்டும் தூக்கினால் பெரும்பாலும் விழுங்கிய காற்று. அது ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும்.

இவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்: வயிறு மேலே பார்க்கத் திரும்பிக் கிடப்பது, உடம்பு முழுக்கப் பந்து மாதிரி ஊதியிருப்பது, தோலில் சிவப்புத் திட்டு, தோல் உரிவது, ஆசனவாயில் சதை வெளியே தள்ளியிருப்பது. இவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. செவுள்கள் முன்னோக்கி வளைந்திருப்பதும் வால்நுனி சுருண்டிருப்பதும் அவ்வளவு அவசரமில்லை. அவை மன உளைச்சலின் அடையாளங்கள். தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

முதலில் தெர்மாமீட்டர்

செட்டிநாட்டில் மிதக்கும் குட்டிக்கு முக்கால்வாசி நேரம் காரணம் சூடுதான். இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அதாவது கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம். ஊட்டித் தண்ணீரில் வாழ வேண்டிய பிராணியைக் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வைத்திருக்கிறீர்கள். அதற்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி. 20 வரை தாங்கும். 22ஐத் தாண்டினால் உடம்பு தளரத் தொடங்கும். 24க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் நோயில்தான் முடியும்.

சூடு எப்படி மிதக்க வைக்கிறது? இரண்டு வழி. ஒன்று, தண்ணீர் சூடாக ஆகப் பிராணவாயு குறையும். 18 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9.5 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 7.5தான். செவுளுக்குக் கிடைப்பது போதாமல் குட்டி அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கும். இரண்டாவது, விழுங்கிய இரை சூட்டில் செரிப்பதற்கு முன்பே குடலில் அழுகி வாயுவைக் கிளப்பும். மதியம் கொடுத்த புழு இரவில் குட்டியைத் தூக்கிவிடுவது இப்படித்தான்.

தொட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். அது பாதி கண்ணாடியின் சூட்டையும் பாதி அறையின் சூட்டையும் காட்டும். ஒயரில் முனை தொங்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கி, முனையைத் தண்ணீரின் அடிப்பக்கம் இறக்கிவிடுங்கள். மதியம் 3 மணிக்கு ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை பார்த்துக் குறித்து வையுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: தனி டப்பா

இறங்க முடியாத குட்டியை ஆழமான தொட்டியில் விட்டு வைத்தால் நாள் முழுக்க நீந்தி நீந்திக் களைத்துவிடும். முதுகு தண்ணீருக்கு வெளியே நின்றால் தோல் காய்ந்து புண்ணாகும். ஆகவே ஆழமில்லாத டப்பாவுக்கு மாற்ற வேண்டும்.

உணவு வைக்கும் தரமுள்ள பிளாஸ்டிக் டப்பா, 4 லிட்டர் கொள்ளளவு, அடிப்பாகம் அகலமானது. இரண்டு வாங்குங்கள், காரணம் பிறகு வருகிறது. மூடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள், ஏனென்றால் குட்டி துள்ளி வெளியே விழும். சோப்புப் போட்டுக் கழுவாமல் வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போதும். 7 செ.மீ. குட்டிக்கு 4, 5 செ.மீ. ஆழம் தண்ணீர் ஊற்றுங்கள். அளவு இப்படி: முதுகும் செவுளும் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், அதே நேரம் கால்கள் தரையைத் தொட வேண்டும். தரையில் கால் பட்டதும் குட்டி படபடப்பதை நிறுத்திவிடும், பார்த்தாலே தெரியும்.

வீட்டில் பரணிலும் இரண்டாங்கட்டிலும் பித்தளை அண்டாவும் செப்புக் குடமும் அடுக்கியிருக்கும் ஊர் இது. மறந்தும் அதில் ஆக்சலாட்டலை விடாதீர்கள், அதற்கான தண்ணீரையும் பிடித்து வைக்காதீர்கள். நமக்கு நல்லது என்று சொல்லும் செம்பு, தோலால் உறிஞ்சும் இந்தப் பிராணிக்கு விஷம். பழைய எனாமல் பேசினும் வேண்டாம். எவர்சில்வர் பரவாயில்லை.

மாற்றும்போது வலை போடக் கூடாது. விரலும் செவுளும் கண்ணியில் சிக்கிக் கிழியும். ஒரு வாயகன்ற கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து, குட்டியைத் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள். கையில் தேங்காயெண்ணெய், சானிடைசர், சோப்பு எதுவும் இருக்கக் கூடாது.

டப்பாவில் வடிகட்டி கிடையாது. ஆகவே தினமும் காலையில் தண்ணீரை முழுக்க மாற்ற வேண்டும். இடையில் மலம் கழித்தால் அப்போதே மாற்ற வேண்டும். புதுத் தண்ணீரின் சூடு பழையதற்கு ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு டப்பா: ஒன்றில் குட்டி, மற்றதில் நாளைக்கான தண்ணீர், இரண்டும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில். காலையில் குட்டியை மொண்டு அடுத்த டப்பாவில் விட்டால் வேலை முடிந்தது.

அந்தப் பெட்டி தெர்மாகோல் பெட்டி. மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ கேட்டால் கிடைக்கும். மீன் கடைப் பெட்டியென்றால் வெந்நீரில் நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். நடுவில் டப்பாக்கள், இரு பக்கமும் துணி சுற்றிய அரை லிட்டர் ஐஸ் பாட்டில் ஒவ்வொன்று. பெட்டி மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். ஐஸை டப்பாவுக்கு உள்ளே போடாதீர்கள். 3 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஐஸ் விழுந்தால் கணக்குப்படி மூன்று டிகிரிக்கு மேல் மளமளவென்று இறங்கிவிடும். அந்த அதிர்ச்சியே குட்டியைப் படுக்க வைத்துவிடும். 30 டிகிரியில் இருந்த குட்டியை 18க்குக் கொண்டுவர ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்க வேண்டாம்.

டப்பாவை ஒரு துணியால் மூடி இருட்டாக்குங்கள். இதற்குக் கண் இமை இல்லை. வெளிச்சம் இதற்குத் தொந்தரவு.

பட்டினி எவ்வளவு நாள்?

பெரிய ஆக்சலாட்டலுக்கு ஒரு வாரம் சாப்பாடு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. குட்டிக்கு அப்படி இல்லை, அதன் உடம்பில் சேமிப்பு கிடையாது. 5 முதல் 7 செ.மீ. வரை உள்ளதற்கு ஒரு நாள் நிறுத்துங்கள், அதிகபட்சம் இரண்டு. 8 முதல் 12 செ.மீ. வரை உள்ளதற்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குள் மலம் வந்துவிட வேண்டும். கரும்பழுப்பாக, மெத்தென்று, ஒரு சிறு உருண்டையாக வந்தால் நல்லது. பெரும்பாலும் அது வந்த சில மணி நேரத்தில் குட்டி தரையில் உட்கார்ந்துவிடும். வெள்ளையாக நூல் மாதிரி வந்தால் குடல் காலியாக இருக்கலாம், ஒட்டுண்ணியும் இருக்கலாம். அது தொடர்ந்து வந்தால் அதை ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் செரிமானம் மெதுவாகத்தான் நடக்கும். மலச்சிக்கல் தீர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதற்குள் பதறி வயிற்றை நீவிவிடுவது, அமுக்குவது எல்லாம் வேண்டாம். விரலால் மெல்ல அழுத்தினாலே உள்ளுறுப்பு நசுங்கிவிடும் அளவுக்குச் சின்ன உடம்பு அது.

ஃபிரிட்ஜில் வைப்பது பற்றி எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். 5 முதல் 8 டிகிரியில், இருட்டில், டப்பாவோடு வைத்தால் மலம் இறங்கும் என்பார்கள். வளர்ந்த விலங்குக்கு, பழகிய கை மெதுவாகக் குளிரவைத்துச் செய்தால் அது ஒரு வழி. குட்டிக்கு வேண்டவே வேண்டாம். நம் வீட்டு ஃபிரிட்ஜ் நாளைக்கு முப்பது தடவை திறந்து மூடுவது; ஒரு நேரம் 4 டிகிரி, ஒரு நேரம் 10. அந்த ஏற்ற இறக்கத்தில் குட்டி இரை எடுப்பதை அடியோடு விட்டுவிடும். 16 முதல் 18 டிகிரியில் தெர்மாகோல் பெட்டி செய்யும் வேலை போதும்.

தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

குட்டி டப்பாவில் இருக்கும்போதே தொட்டித் தண்ணீரைச் சோதியுங்கள். தாள்பட்டைச் சோதனை தோராயமானது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் வாங்குங்கள். ஒரு கிட் பல மாதம் வரும். கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியா 0, நைட்ரைட் 0 இருக்க வேண்டும். அவற்றிலிருந்து கடைசியில் உண்டாகும் நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) இருப்பது நல்லது. 40ஐத் தாண்டக் கூடாது. பிஎச், அதாவது தண்ணீரின் புளிப்பு-காரத் தன்மையைக் காட்டும் எண், 7.4 முதல் 7.6 வரை இருந்தால் நிம்மதி, 6.5 முதல் 8 வரை சமாளிக்கும்.

பிஎச் ஏன் முக்கியம் என்றால், அதே அளவு அம்மோனியா பிஎச் 7ல் செய்யும் கெடுதலைவிட 8ல் செய்வது ஏறக்குறைய பத்து மடங்கு. சூடு கூடினால் இன்னும் கூடும். ஆகவே கடினமான போர் தண்ணீர், சித்திரை வெயில், புதுத் தொட்டி மூன்றும் சேர்ந்தால் 0.5 பிபிஎம்கூட ஆபத்து. தண்ணீர் எரிச்சல் தாங்காமல் மேலே போய்க் காற்றை விழுங்கும் குட்டியைத்தான் பலரும் 'மிதக்கும் நோய்' என்று நினைத்துக்கொண்டு மருந்து ஊற்றுகிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து எடுப்பது? போரில் மோட்டார் போட்டதும் நேரே தொட்டிக்குள் விடக் கூடாது. ஆழத்தில் அழுத்தத்தில் கிடந்த தண்ணீரில் வாயு கூடுதலாகக் கரைந்திருக்கும், பிராணவாயு குறைவாக இருக்கும். வெளியே வந்ததும் அந்த வாயு கண்ணாடியெல்லாம் பொடிப்பொடிக் குமிழாக ஒட்டிக்கொள்ளும். சோடா ஊற்றிய டம்ளரைப் பார்த்தமாதிரி இருக்கும். செவுளில் அப்படிக் குமிழ் ஒட்டினால் குட்டி தானாகவே மேலே தூக்கிக்கொள்ளும். வாளியில் பிடித்து, ஏர் பம்ப் கல்லைப் போட்டு ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு நல்ல பேர் உண்டு. அதுவும் மாநகராட்சிக் குழாய் வழியாக வந்தால் குளோரின் கலந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 1 மில்லி ஊற்றினால் போதும். வாடை தூக்கலாக இருக்கும் நாளில் 2 மில்லி. கடையில் விற்கும் ஆன்டி குளோரின் வாங்கினால், கற்றாழை கலந்தது வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் தனியாக ஊற்றாதீர்கள், மழைத் தண்ணீரையும் அப்படியே. இதற்குத் தண்ணீரில் தாது உப்பு வேண்டும். போர் தண்ணீர் மிகவும் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலக்கலாம். ஊருணித் தண்ணீர் கூடவே கூடாது. அதில் என்னென்ன கிருமி, என்ன பூச்சிமருந்து என்று யாருக்கும் தெரியாது.

இரை: அளவும் வகையும்

மேலே மிதக்கும் குருணை வாங்கிப் போடுவதுதான் சாப்பாட்டில் நடக்கும் முதல் தப்பு. ஆக்சலாட்டல் கடித்துத் தின்னாது. வாயைத் திறந்து உறிஞ்சி விழுங்கும். மேலே மிதப்பதை உறிஞ்சினால் இரையோடு காற்றும் உள்ளே போகும். உலர்ந்த இரத்தப்புழு, உலர்ந்த டியூபிஃபெக்ஸ் என்ற நூல்புழுக் கட்டி இரண்டும் இதே வேலையைத்தான் செய்யும், போதாதென்று வயிற்றுக்குள் போய் ஊறி உப்பும். அடியில் மூழ்கும் குருணைதான் வாங்க வேண்டும். அதையும் ஒரு நிமிஷம் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள்.

மண்புழுவுக்கு ஈடு இணை இல்லை. மண்புழு உரம் தயாரிக்கும் இடங்களில் கிடைக்கும். அங்கே இரண்டு வகை பார்க்கலாம். கையில் எடுத்தால் மஞ்சளாக நாற்றமடிக்கும் நீர் விடும் சிவப்புப் புழுவைக் குட்டி வாயில் போட்டதும் துப்பிவிடும். கொதிநீரில் ஒரு நொடி காட்டிக் கழுவிக் கொடுத்தால் சில குட்டிகள் தின்னும். தடித்து நீளமாக, ஊதா மினுமினுப்போடு இருக்கும் ஆப்பிரிக்கப் புழுவைப் பெரும்பாலும் விரும்பித் தின்னும். எதுவானாலும் வாங்கி வந்ததும் ஈரத் தென்னைநார்க் கழிவில் ஒரு நாள் போட்டு வையுங்கள், வயிற்றிலிருக்கும் மண் வெளியேறிவிடும். மண் நிறைந்த புழுவும் குட்டியின் குடலை அடைக்கும். வயல் வரப்பில் தோண்டிய புழு பூச்சிமருந்து பட்டதாக இருக்கலாம், வேண்டாம்.

துண்டின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு: குட்டியின் இரு கண்ணுக்கும் இடையே உள்ள அகலத்துக்கு மேல் துண்டு தடிமனாக இருக்கக் கூடாது. 7 செ.மீ. வரை தினமும் இரண்டு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் சின்னதாக இரண்டு மூன்று துண்டு. 12 செ.மீ. வரை தினமும் ஒரு வேளை. அதற்கு மேல் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இன்னும் சின்ன, 2, 3 செ.மீ. குஞ்சுகளுக்கு உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சோ டாஃப்னியாவோதான் (இரண்டும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நீர்ப்பூச்சி மாதிரியானவை). அசையாத எதையும் அவை தின்னாது. வயிறு தலையைவிடக் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் போதும் என்று நிறுத்துங்கள். குட்டி வாயைத் திறக்கிற வரைக்கும் ஊட்டுவது நம் ஊர்ப் பழக்கம். விருந்தாளிக்குச் சரி, இதற்குச் சரியில்லை.

மீல்வார்ம் என்ற மாவுப்புழுவின் ஓடு செரிக்காது. சின்ன மீன்களை உயிரோடு போடுவதும் வேண்டாம். ஒட்டுண்ணியைக் கொண்டுவரும், செவுளையும் கொத்தும். பஜாரில் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் சாக்கடையிலிருந்து வருவது. அதைக் கொடுத்துவிட்டு நோய் எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

கல்லை எடுங்கள்

பட்டாணி அளவு வண்ணக் கல் போட்ட தொட்டியில் ஆக்சலாட்டல் இருக்கிறதென்றால், அது ஏற்கெனவே ஒன்றிரண்டு கல்லை விழுங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரையை உறிஞ்சும்போது கல்லும் கூடவே போகும். குட்டிக்கு வெறும் கண்ணாடித் தரையே நல்லது. 12, 15 செ.மீ. ஆன பிறகு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நைஸ் மணல் போடலாம்.

கால் வழுக்குகிறதே என்று சிலர் ஆத்தங்குடிக் கல்லின் உடைந்த துண்டை அடியில் போடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அது சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டுச் செய்வது. தண்ணீரில் ஊறினால் சிமெண்டின் சுண்ணாம்பு கசிந்து பிஎச்சை ஏற்றிவிடும். வழுக்காமல் இருக்க மெருகில்லாத கடப்பாக் கல் பலகையும் வேண்டாம், அதுவும் சுண்ணாம்புக் கல்தான். சொரசொரப்பான செராமிக் டைல் போதும். முனையை உப்புத்தாளில் மழுக்கிவிடுங்கள்.

வீட்டில் ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியம்

ஆச்சி மஞ்சள்தூள் போடச் சொல்வார். பக்கத்து வீட்டில் மீன் வளர்ப்பவர் கல்லுப்பு போடச் சொல்வார். கடைக்காரர் நீலச் சொட்டு மருந்தை நீட்டுவார். மூன்றுமே மிதப்பதற்கு மருந்தல்ல. உப்புக் குளியல் தோலில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை வந்தால் செய்வது, அதுவும் வளர்ந்ததற்கு. குட்டியின் தோல் உப்பைத் தாங்காது. மஞ்சள்தூள் செவுளில் படிந்து அடைக்கும். மீனுக்கான பல மருந்துகளில் செம்பு இருக்கும், அது என்ன செய்யும் என்று மேலே சொல்லியாயிற்று. நாட்டு வாதுமை மரத்தின் பழுத்து உதிர்ந்த இலை ஒன்றைக் கழுவி டப்பாவில் போடுவது மட்டும் கெடுதல் இல்லாத வைத்தியம். தோல் எரிச்சலை ஆற்றும், மிதப்பதை நிறுத்தாது.

கொசுவர்த்தி, பூச்சி ஸ்பிரே, வாரம் ஒருநாள் தெருவில் அடிக்கும் கொசுப்புகை இவை எல்லாம் தோல் வழியே உள்ளே போகும். புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டதும் அந்த அறையின் கதவைச் சாத்தி ஏர் பம்ப்பை நிறுத்துங்கள். பம்ப் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

மூன்று நாள் குளிர்ந்த டப்பாவில் வைத்தும் மலம் வராமல், மிதப்பதும் நிற்காமல் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கல்லா வாயுவா என்பது அதில் தெளிவாகத் தெரிந்துவிடும். பக்கத்தில் பெரிய இடம் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. கிளம்புவதற்கு முன் போன் செய்து, நீர்நில வாழ்வனவற்றைப் பார்ப்பவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது டப்பாவைத் தெர்மாகோல் பெட்டியோடு கொண்டு போங்கள். குட்டியின் நீளம், தண்ணீரின் சூடு, சோதனை எண்கள், கடைசியாகத் தின்றது என்ன, எப்போது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். இன்னொரு தாளும் வேண்டும். ஆக்சலாட்டல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022ல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் 2024ல் வந்த விதிகளும் இப்படிப்பட்ட உயிரினம் வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

தொட்டியை எங்கே வைப்பது

முகப்பில் வைத்தால் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம், ஆனால் வெயில் அடிக்கும். முற்றத்தையொட்டி வைத்தால் மதியம் கண்ணாடி கொதிக்கும். வளவு என்னும் உள்முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள உள்ளறைகள்தான் தோதான இடம். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, சின்னக் கதவு. நாள் முழுக்கச் சூடு ஏறி இறங்காது. அதற்காகச் சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வேண்டாம் என்று அர்த்தமில்லை. வெளியே 39, 40 அடிக்கும் நாளில் அந்த அறையும் முப்பதுக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

ஐஸ் பாட்டிலை வைத்துக் காலம் தள்ளலாம் என்று நினைத்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 75 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் முழுக்கக் கரைந்தால் இறங்குவது சுமார் ஒன்றேகால் டிகிரி. முப்பதிலிருந்து பதினெட்டுக்கு வர ஒன்பது பத்து பாட்டில், அதுவும் கரையக் கரைய அறைச் சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் மேல் வீசும் சின்ன ஃபேன் இரண்டிலிருந்து நாலு டிகிரி குறைக்கும். மழைக்கால ஈரப்பதத்தில் அதுவும் குறையும். ஆகவே 75 முதல் 100 லிட்டர் வரை தொட்டிக்குப் பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லர், 17ல் வைத்து. தொட்டியின் மூன்று பக்கமும் அடியிலும் ஓர் அங்குலத் தெர்மாகோல் ஒட்டினால் சில்லர் ஓடும் நேரம் நன்றாகக் குறையும். சில்லர் பின்னால் தள்ளும் சூடு வெளியே போக வழி வேண்டும். மூடிய அறையில் வைத்தால் தன் சூட்டைத் தானே குளிரவைக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். சில்லருக்குக் கையில் காசு இல்லை, கோடையில் நாள் முழுக்க ஏசி ஓடும் அறையும் இல்லை என்றால், இந்தப் பிராணி நம் ஊருக்கு வேண்டாம். அதைத் தயங்காமல் சொல்லிவிடலாம்.

வடிகட்டி ஸ்பாஞ்ச் வகை போதும், காற்றுக் குழாயில் வால்வு வைத்து மெதுவாக ஓடவிடுங்கள். நீரோட்டம் பலமாக இருந்தால் குட்டியால் தரையில் நிற்க முடியாது. அதுவும் மிதப்பதற்கு ஒரு காரணம். ஃபேன் போட்டு ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் ஊற்றுவது மட்டும் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும், ஏனென்றால் ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். வாரம் ஒரு தடவை கால்பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தொட்டி என்றால் குட்டியைக் கொண்டு வருவதற்கு முன் நாலிலிருந்து ஆறு வாரம் சும்மா ஓடி, வடிகட்டியில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் வளர்ந்து, 2 பிபிஎம் அம்மோனியா போட்டால் ஒரே நாளில் காணாமல் போகும் நிலைக்கு வந்திருக்க வேண்டும்.

கரண்ட் போனால்? வீட்டு இன்வெர்ட்டர் சில்லரைக் கிளப்பும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதியுங்கள். ஏர் பம்ப்பை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டு, ஃப்ரீசரில் எப்போதும் நாலு பாட்டில் ஐஸ் வைத்திருப்பது போதுமான ஏற்பாடு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில்.

திரும்பத் தொட்டிக்கு

டப்பாவில் குட்டி ஒரு முழு நாள் தரையிலேயே உட்கார்ந்திருந்தது, மலம் வந்துவிட்டது, தொட்டித் தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், இரண்டின் சூடும் ஒன்று. இந்த நாலும் சரியாக இருந்தால் மாற்றலாம். முதல் நாள் தொட்டியில் 10 செ.மீ. ஆழம் மட்டும் தண்ணீர் வைத்துக்கொண்டு, தினம் 5 செ.மீ. ஏற்றிக்கொண்டு போங்கள். அப்படியே நிரந்தரமாக ஆழம் குறைவாக வைத்துவிடாதீர்கள். மேல்மட்டம் மூக்குக்குப் பக்கத்திலேயே இருந்தால் அடிக்கடி காற்றை விழுங்கிப் பழகிவிடும். 25, 30 செ.மீ. ஆழம் நல்லது.

முதல் வேளைக்கு ஒரே ஒரு சின்னத் துண்டு மண்புழு, இடுக்கியில் பிடித்துத் தரையோடு ஒட்டிக் கொடுங்கள். ராத்திரி ஒரு டார்ச்சை மங்கலாக அடித்துப் பாருங்கள், பின்பக்கம் தூக்குகிறதா என்று. தூக்கவில்லை என்றாலும், அந்தத் துண்டு மலமாக வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த துண்டு.